கரிசற்காடு டில்லிக்கு அனுப்பிய வழக்கறிஞர்

அமெரிக்க நாட்டின் அரசியல் வரலாற்றைப் புரட்டுவோர் அங்கே ஒருவகை மனிதரை அடிக்கடி சந்திப்பர். இளமையில் சட்டம் பயின்றவர். சிற்றூர் நீதிமன்றங்களில் வழக்காடிப் பெயரெடுத்தவர். போர் மூண்டபோது படையில் சேர்ந்தவர். படை கலைந்ததும் மக்களிடம் வாக்குக் கேட்டுக் காங்கிரஸ் என்று பெயர்பெற்ற அந்நாட்டு மன்றத்துக்குச் சென்றவர். பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் இத்தகையோர் அங்கே வரிசை வரிசையாக வந்தனர். அவர்களுள் தலைசிறந்தவர் ஆபிரகாம் லிங்கன். 1832இல் சில வாரங்கள் தொண்டர் படைக்குக் காப்டனாக இருந்தார், வழக்கறிஞராக வாழ்ந்தார், 1847 முதல் 1849 வரை காங்கிரஸ் உறுப்பினராக வீற்றிருந்தார், 1861இல் குடியரசுத் தலைவரானார்.

வழக்கறிஞர், போர்வீரர், மக்கள் பிரதிநிதி என்ற மூன்றும் ஒருவரிடத்தே கூடிய வாழ்வு நம் பக்கத்தில் உண்டா என்று கேட்டால், உண்டு என்றே விடை சொல்வேன். அந்த மனிதர் துப்பாக்கி ஏந்தியவரல்லர். ஆனால் வெள்ளையராட்சி அவரை நடுக்கடலில் மறித்தது, சிறையில் அடைத்தது. அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் உள்ளிட்ட வறண்ட சீமைக்கு அவர் டில்லி சட்டசபையில் பிரதிநிதியாகவும் இருந்தார். இந்தத் தொகுதிகளில் பல்லாண்டு பணிபுரிந்த தோழர்களிலும் பலர் அவர் பெயரை மதுரை யானைக்கல் சந்திப்பிலுள்ள சிலையின் அடியில் மட்டுமே படித்திருப்பர். அவர்தாம் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்.

அவரிடம் செல்லுமுன் லிங்கனை இன்னும் ஒரு நொடி நிறுத்திவைக்க வேண்டியிருக்கிறது. அவர் நடத்திய போரின் அனல் நம் கரிசல் மண்ணையும் தொட்டது. 1861 ஏப்ரலில், தென் மாநிலத் துறைமுகங்களை முற்றுகையிடுமாறு அவர் ஆணை பிறப்பித்தார். அடிமைகளின் வியர்வையில் விளைந்த தென்னாட்டுப் பஞ்சு, லங்காஷயர் ஆலைகளுக்குப் போகாமல் துறையிலேயே முடங்கிற்று. ஆலை முதலாளிகளின் பார்வை இந்தியப் பஞ்சின் மீது திரும்பியது. திருநெல்வேலிப் பஞ்சு என்று சீமைச் சந்தையில் பெயர் பெற்றிருந்த சரக்கு, மழையை மட்டும் நம்பிக் கிடக்கும் இந்தக் கருமண் காடுகளிலிருந்து வண்டியேறித் தூத்துக்குடித் துறைக்குச் சென்றது. விலை மடங்கு மடங்காக உயர்ந்தது. 1865இல் போர் ஓய்ந்ததும் அதே விலை விழுந்தது. கடல் கடந்த நாட்டில் கறுப்பு மக்களின் விலங்கு உடைந்த செய்தி, நம் உழவனுக்குப் பஞ்சு விலையின் ஏற்றமாகவும் வீழ்ச்சியாகவுமே வந்து சேர்ந்தது. பின்னர் அந்நூற்றாண்டின் இறுதியில் ஹார்வி கம்பெனியார் பஞ்சு விளையும் இடத்துக்கருகிலேயே, தூத்துக்குடியிலும் மதுரையிலும், நூலாலைகளை எழுப்பினர். கரிசற்காட்டுப் பஞ்சு மதுரை ஆலைக்குள் சென்றது; மழை பொய்த்த ஆண்டுகளில் கரிசற்காட்டு மனிதனும் அதைப் பின்தொடர்ந்து உள்ளே சென்றான். அந்த ஆலையின் வாயிலில்தான் நாம் ஜோசப்பை மீண்டும் காணப் போகிறோம்.

1887ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள், திருவிதாங்கூரைச் சேர்ந்த செங்ஙன்னூரில், சிரியன் கிறித்தவக் குடும்பத்தில் அவர் பிறந்தார். புகழ்பெற்ற பத்திரிகையாசிரியர் போத்தன் ஜோசப் அவருடைய தம்பி. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்று, எடின்பரோ பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்று, லண்டன் மிடில் டெம்பிளில் சட்டம் முடித்து, 1909இல் நாடு திரும்பினார். சிலகாலம் சென்னையில் தொழில் நடத்தியவர் மதுரைக்குக் குடிபெயர்ந்தார். மதுரையே அவருக்கு ஊராயிற்று. மொழியால் மலையாளி, மதத்தால் கிறித்தவர், கல்வியால் சீமைக்காரர். வைகைக் கரையில் அவருக்கென்று ஒரு சாதிக் கூட்டமோ உறவுக் கூட்டமோ இருந்ததில்லை. இதை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே படிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது, சுயாட்சிக் கோரிக்கையை இங்கிலாந்து மக்களிடம் நேரே எடுத்துரைக்க அன்னி பெசன்ட் அம்மையார் தூதுக்குழு ஒன்றை அனுப்ப முனைந்தார். அதில் ஜோசப்பும் இருந்தார். வெள்ளையராட்சி அந்தக் குழுவை ஜிப்ரால்டரிலேயே தடுத்து, வந்த வழியே திருப்பியனுப்பியது. பேசப் போன வாய்களைக் கடலிலேயே கட்டிவிட்ட அந்தச் செயலைக் காட்டிலும் சுயாட்சிக்குச் சிறந்த பிரசாரம் இருந்திருக்க முடியாது!

அந்தப் பயணத்தைப் பற்றி ஒரு கிளைச்செய்தி சொல்லத் தோன்றுகிறது. ஜோசப்போடு அனுப்பப்பட்டவர்களுள் சேலத்து வழக்கறிஞர் பி. வி. நரசிம்ம அய்யரும் ஒருவர். பிற்காலத்தில் அவர் அரசியலையும் வழக்கறிஞர் தொழிலையும் துறந்து திருவண்ணாமலைக்குச் சென்றார். திருச்சுழியில் பிறந்த இரமணரின் வாழ்க்கை வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதினார். அந்நூல் 1931இல் வெளிவந்தது. இரமணரின் தந்தை சுந்தரம் அய்யர் திருச்சுழியில் வக்கீலாக இருந்தவர் என்பது நம் ஊர்ப் பெரியோர் அறிந்ததே. ஒரே பயணத்தில் தடுக்கப்பட்ட இருவரில் ஒருவர் திருச்சுழியின் துறவிக்கு வரலாற்றாசிரியரானார். மற்றவர் திருச்சுழியின் குடிமக்களுக்கு டில்லியில் பிரதிநிதியானார். எது பெரிது என்ற தர்க்கத்துக்குள் நான் இறங்கவில்லை. நம்முடைய நாட்டம் இரண்டாமவரிடத்தே.

ஜோசப்பின் பெயரை மதுரைக்கு மேற்கேயுள்ள சிற்றூர்களில் நிலைநிறுத்தியது குற்றப் பரம்பரைச் சட்டத்துக்கு எதிரான போர். 1871இல் வட இந்தியாவில் பிறந்த அந்தச் சட்டம், 1911இல் திருத்தி எழுதப்பெற்றுச் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. ஒரு குலத்தில் பிறந்ததே குற்றம் என்றது சட்டம். குற்றம் செய்தவனைத் தேடும் வேலையைச் செய்யாமல், பிறந்தவனையெல்லாம் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டது போலீஸ். ஆண்மக்கள் கைரேகை பதிக்க வேண்டும். இரவில் காவலர் கண்பார்வையில் படுத்துறங்க வேண்டும். வெளியூர் செல்ல வேண்டுமானால் அனுமதிச் சீட்டு வாங்கிச் செல்ல வேண்டும். வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம் என்றாலும் சரி, தாய்க்கு இறுதி மூச்சு என்றாலும் சரி, பொழுது சாய்ந்தால் ஸ்டேஷன் வாசலுக்குப் போயாக வேண்டும்! பிறமலைக் கள்ளர் மீது இது பாய்ந்தபோது, ரேகை கொடுக்க மறுத்து நின்ற பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3ஆம் நாள் துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. ஆணும் பெண்ணுமாக மாண்டனர். பின்னர் நம் சீமைக்கு அடுத்துள்ள ஆப்பநாட்டு மறவர் மீதும் அதே சட்டத்தின் கை நீண்டது.

இந்த மக்களுக்காக வழக்கு மன்றத்தில் நிற்க அந்நாளில் எத்தனை வழக்கறிஞர்கள் அணியமாயிருந்தனர்? கட்சிக்காரனிடம் கொடுக்கப் பணமில்லை. எதிர்த்தரப்பில் போலீசும் கலெக்டரும். ஊர்ப் பெரிய மனிதர்களின் முகச்சுளிப்பு வேறு. ஜோசப் நின்றார். வழக்குக்குப் பின் வழக்காக வாதாடினார். மன்றத்தில் வாதாடியது போதாதென்று பத்திரிகைகளிலும் எழுதினார். சட்டப் புத்தகத்திலுள்ள ஒரு பிரிவைச் சட்டப் புத்தகத்தைக் கொண்டே எதிர்க்கும் வேலை அது. மேடைப் பேச்சைப் போலக் கைதட்டல் கிடைக்காது. ஒவ்வொரு தனி மனிதனின் பெயரும் பதிவேட்டில் ஏறியதா இறங்கியதா என்று பார்க்க வேண்டும். அம்மக்கள் அவரை ரோசாப்பூ துரை என்று அழைத்தனர். பட்டமும் பதக்கமும் வழங்க அரசாங்கம் இருந்தது; இந்தப் பெயரை வழங்கியவர்களோ அந்த அரசாங்கத்தின் பதிவேட்டில் குற்றவாளிகளாக எழுதப்பட்டவர்கள். மதுரையிலுள்ள அவருடைய கல்லறையில் அவர்களின் வழித்தோன்றல்கள் அஞ்சலி செலுத்துவது இன்றும் வழக்கத்தில் இருக்கிறது. சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீக்கப்பட்டது 1947இல். ஜோசப் அதைப் பார்க்கவில்லை. நீக்கிய கையோடு, 1948இல், வழக்கமான குற்றவாளிகள் சட்டம் என்று வேறொன்று கொண்டுவரப்பட்டதையும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மறுபடியும் அங்கியை மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பார் என்றே எண்ணுகிறேன்.

முதல் உலகப்போர் முடியும் தறுவாயில் வரதராஜுலு நாயுடுவோடு சேர்ந்து மதுரை ஹார்வி ஆலைத் தொழிலாளர்க்குச் சங்கம் அமைப்பதில் அவர் முன்நின்றார். கூலி உயர்வுக்கும் வேலை நேரக் குறைப்புக்குமான போராட்டம் தொடக்கத்தில் வெற்றியும் கண்டது; பின்னர் நிர்வாகத்தின் கை ஓங்கிச் சங்கம் ஒடுங்கியது. அமெரிக்கப் போரினால் சீமைச் சந்தையைக் கண்ட நம் கரிசற் பஞ்சு ஆலைக்குள் நூலாகிக்கொண்டிருந்தபோது, அதை நூலாக்கிய கைகளுக்காகப் பேசியவர் அவர் என்பதைப் பதிவு செய்வது போதும்.

பின்னர் ஒத்துழையாமை இயக்கம் வந்தது. நன்கு வளர்ந்திருந்த வழக்கறிஞர் தொழிலை உதறினார். அலகாபாத் சென்று மோதிலால் நேருவின் ‘இண்டிபெண்டெண்ட்’ பத்திரிகைக்கு ஆசிரியரானார். 1921 டிசம்பரில் கைதானார். ஜவஹர்லால் நேருவும் மகாதேவ தேசாயும் இருந்த லக்னோ சிறையில் அவரும் இருந்தார். வெளிவந்தபின் 1923இல் காந்தியாரின் ‘யங் இந்தியா’வுக்கு ஆசிரியர் பொறுப்பேற்றார்.

அடுத்த ஆண்டில் நடந்ததுதான் அவர் வாழ்வின் முள். 1924 மார்ச் 30ஆம் நாள் வைக்கத்தில் சத்தியாகிரகம் தொடங்கியது. கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஈழவரும் புலையரும் நடக்கக் கூடாது என்ற தடையை உடைப்பதே நோக்கம். நாயும் நடக்கும் தெருவில் மனிதன் நடக்க உரிமை கேட்ட போர் அது! முதல் தலைவர்கள் சிறைப்பட்டதும் ஜோசப் தலைமை ஏற்றார். அப்போது காந்தியாரிடமிருந்து அறிவுரை வந்தது: இது இந்துக்கள் தம் பாவத்தைக் கழுவிக்கொள்ளும் காரியம், கிறித்தவராகிய நீங்கள் ஒதுங்கிக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். ஜோசப் ஒதுங்கவில்லை, கைதானார். அதன்பின் ஈரோட்டிலிருந்து பெரியார் வந்து களத்தை ஏற்ற வரலாறு நம் தோழர்களுக்குப் புதிதன்று.

காந்தியாரின் வாதத்தில் நேர்மை இல்லையென்று சொல்ல மாட்டேன். தவறிழைத்தவனே திருந்த வேண்டும் என்பதில் ஒரு நியாயம் உண்டு. ஆனால் தெரு என்பது கோயிலின் கருவறையா? வரிப்பணத்தில் போட்ட சாலையில் ஒரு குடிமகன் நடப்பது எந்த மதத்தின் வீட்டு விவகாரம்? ஜோசப்பின் கண்ணுக்கு அது குடியுரிமைப் பிரச்சினையாகத் தெரிந்தது. வழக்கறிஞரின் கண் அது. சட்டத்தின் முன் மனிதன் என்ற ஒரே பெயரைத் தவிர வேறு பெயர் தேவையில்லை என்று பழகிய கண். நம் பக்கத்துக் கமுதியின் கதை அவர் அறியாததா? 1897இல் கமுதிக் கோயிலுக்குள் நாடார் சிலர் நுழைந்ததற்கு எழுந்த வழக்கு, மதுரையிலிருந்து சென்னைக்கும், சென்னையிலிருந்து லண்டன் பிரிவி கவுன்சிலுக்கும் சென்று, 1908இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. வழக்கத்தை நீதிமன்றம் சட்டமாக மதித்தால் நேர்வது அதுதான். வைக்கத்தில் மன்றத்துக்குப் பதிலாகத் தெருவைத் தேர்ந்தெடுத்ததன் பொருளைக் கமுதி அறிந்தவர்கள் எளிதில் உணர்வர்.

அதன்பின் சில ஆண்டுகள் அவர் காந்தியாரின் வழியினின்றும் விலகி நின்றார். மதுரையில் மீண்டும் தொழில் தொடங்கினார். 1933இல் விருதுநகர்ச் சதி வழக்கு வந்தது. வெடிகுண்டுக் குற்றச்சாட்டில் சிக்கவைக்கப்பட்டவர்களுள் முப்பது வயது நிரம்பாத ஒரு காங்கிரஸ் ஊழியரும் இருந்தார். அவருக்காக ஜோசப்பும் வரதராஜுலு நாயுடுவும் வாதாடிக் குற்றச்சாட்டு ஆதாரமற்றதென நிலைநாட்டினர். அந்த இளைஞர் காமராசர். 1937இல் சாத்தூரிலிருந்து போட்டியின்றிச் சட்டசபைக்குச் சென்று, 1954இல் மாநிலத்தின் முதலமைச்சரானவர். அவர் எந்தக் கட்சி, நாம் எந்தக் கட்சி என்பது இங்கே பேச்சன்று. அந்த வழக்கு வேறுவிதமாக முடிந்திருந்தால் இம்மாநிலத்தின் வரலாறு எப்படிப் போயிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கத்தான் சொல்கிறேன்.

இப்போது டில்லி. 1937 ஜூலையில், மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி மாவட்டங்கள் மூன்றும் சேர்ந்த தொகுதியிலிருந்து காங்கிரஸ் வேட்பாளராக ஜோசப் மத்திய சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில்தான் அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் இருந்தன. 1985இல்தான் அம்மாவட்டம் மூன்றாகப் பிரிந்து இவ்வூர்கள் இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் சேர்ந்தன. அந்தத் தொகுதியின் வகையைக் கவனிக்க வேண்டுகிறேன். முஸ்லிம்களுக்கெனத் தனித் தொகுதி ஒதுக்கிய பின், எஞ்சியோர் அனைவரும் வாக்களிக்கும் பொதுத் தொகுதி அது. வாக்காளரில் மிகப் பெரும்பாலோர் இந்துக்கள். எந்த மனிதரை இந்துக்களின் விவகாரத்தில் தலையிடாதே என்று வைக்கத்தில் விலக்கினார்களோ, அதே மனிதரை இந்துக்களே நிறைந்த தொகுதி பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் தன் குரலாகத் தேர்ந்தெடுத்தது!

இதை மிகைப்படுத்தவும் கூடாது. அன்றைய வாக்குரிமை வரி கட்டும் வசதியுள்ளவர்க்கே. 1934ஆம் ஆண்டு மத்திய சட்டசபைத் தேர்தலில் இந்தியா முழுவதிலும் ஏறத்தாழ 14 இலட்சம் பேரே வாக்காளர்கள். கண்மாய்ப் பாசனத்தில் கூலிக்கு நாற்று நட்டவளுக்கும், சோளக்கொல்லையில் பரண் காத்தவனுக்கும் அதில் இடமில்லை. ஜோசப் யாருக்காக வாதாடினாரோ, அந்த ரேகை வைத்த மக்களில் பெரும்பாலோர் அவருக்கு வாக்களிக்க முடியாதவர்கள். 1937 காங்கிரசின் அலை வீசிய ஆண்டு என்பதும் உண்மை. கட்சியின் பெயர் இல்லாமல் தனித்து நின்றிருந்தால் வென்றிருப்பாரா என்று கேட்போருக்கு என்னிடம் உறுதியான விடையில்லை. அவ்வளவையும் கழித்த பின்னும் ஒன்று மிஞ்சுகிறது. சொந்தச் சாதி வாக்கு ஒன்றுகூட இல்லாத மனிதரை இந்தத் தொகுதிக்கு நிறுத்த ஒரு கட்சி துணிந்தது.

இன்று நம் ஒன்றியக் கூட்டங்களில் வேட்பாளர் பேச்சு எழும்போது முதலில் விரிவது எந்தத் தாள்? தொகுதியில் எந்தச் சாதி எத்தனை ஆயிரம் என்ற கணக்குத் தாள்! எந்தக் கட்சியின் பாசறையும் இதற்கு விலக்கன்று. கணக்குப் போடுகிறவர்கள் கொடியவர்கள் என்று நான் சொல்லவில்லை; தோற்றுப்போன கொள்கைக்குச் சட்டசபையில் நாற்காலி இல்லை என்பது அவர்கள் வாதம், அதில் அனுபவத்தின் கசப்பு இருக்கிறது. ஆயினும் அந்தக் கணக்கு இந்தச் சீமையில் எப்போதும் பலித்ததா? 1977இல் அருப்புக்கோட்டைத் தொகுதி, கண்டியில் பிறந்து சென்னையில் வாழ்ந்த எம். ஜி. இராமச்சந்திரனைத் தேர்ந்தெடுத்து முதலமைச்சராக்கியதே, அப்போது எந்தச் சாதிக் கணக்கு உதவியது? அது வெள்ளித்திரையின் கவர்ச்சி என்பீர்கள், ஒப்புக்கொள்கிறேன். கவர்ச்சிக்கு முன் கரைகின்ற கணக்கு, தொண்டின் முன் மட்டும் கரையாது என்பதற்கு ஆதாரம் என்ன?

இன்னொரு மறுப்பும் வரும்: வெளியூர்க்காரனுக்கு எங்கள் கண்மாயின் மடை தெரியுமா, குண்டாற்றில் எந்த மாதம் வெள்ளம் வரும் என்று தெரியுமா என்பார்கள். நியாயமான கேள்வி. ஜோசப் இந்த ஊர்களை வழக்குக் கட்டுகளின் வழியே அறிந்தார். எவன் நிலம் எதற்காகப் பறிபோயிற்று, எவன் எந்த இரவில் எங்கே அடைக்கப்பட்டான், ஆலையில் எவனுக்கு எவ்வளவு கூலி பிடித்தம் என்று அறிந்த அறிவு அது. உள்ளூரில் பிறந்து, உள்ளூரிலேயே வளர்ந்து, இவற்றில் ஒன்றையும் அறியாமல் வாக்குக் கேட்க வருவோரை நாம் பார்த்ததில்லையா?

டில்லி மன்றத்தில் அவர் இருந்த காலம் எட்டு மாதங்களே. 1938 மார்ச் 5ஆம் நாள், மதுரை அமெரிக்கன் மிஷன் மருத்துவமனையில், ஐம்பது வயதில் காலமானார். அடுத்த ஆண்டு, 1939 ஜூலை 8ஆம் நாள், வைத்தியநாத அய்யர் முன்நின்று தாழ்த்தப்பட்டோரை மதுரை மீனாட்சி கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். ஆகவே டில்லியில் அவர் என்ன சாதித்தார் என்ற கேள்விக்கு நீண்ட பட்டியல் தர இயலாது. அந்த நாற்காலிக்கு வருமுன் அவர் நின்ற இடங்களின் பட்டியலைத்தான் தர முடியும், தந்திருக்கிறேன்.

வேட்பாளர் விருப்பமனுவில் பெயர், வயது, கல்வி, கட்சியில் சேர்ந்த ஆண்டு, சிறை சென்ற நாட்கள் என்று எழுதக் கேட்பது கட்சிகளின் வழக்கம். அவற்றோடு மூன்று வரிகள் கூடுதலாக இருக்கட்டும் என்பது என் யோசனை. உன் சாதியைச் சேராதவருக்காக எந்த அலுவலகத்தின் படி ஏறினாய்? கூலி வாங்காமல் எந்த வழக்கை, எந்த மனுவை முடித்துக் கொடுத்தாய்? உன் தலைவரே ஒதுங்கிக்கொள் என்று சொன்ன எந்த நியாயத்தில் ஒதுங்காமல் நின்றாய்? நிரப்பிய தாள்களை மாவட்டச் செயலாளர் தனியறையில் படிக்க வேண்டாம். அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் ஊழியர் கூட்டங்களில் உரக்கப் படிக்கட்டும். மூன்று வரிகளையும் வெற்றாக விட்டவர் யார் என்பதை நம் தோழர்கள் நேரிலேயே பார்த்துக்கொள்வார்கள்.